கைப்பிடிக்குள் இருந்த அமிலம்

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "மேடம், கால்சியம் ஃபுளோரைடு ஆபத்தான பொருளா?" இல்லை என்பேன். அவர்கள் முகம் கொஞ்சம் தெளியும். அது வெள்ளைப் பொடி. பார்த்தால் கோலமாவு மாதிரி இருக்கும். தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். இரும்பு உருகும் சூட்டை நெருங்கினால்தான் உருகும். சுத்தமாகச் செய்து, உருக்கி, மெதுவாக ஆறவிட்டுப் படிகமாக்கினால், கண்ணாடி தடுத்து நிறுத்துகிற ஒளியைக்கூட உள்ளே விடும். அதனால்தான் உயர்ந்த கருவிகளின் லென்சுக்கும் ஜன்னலுக்கும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். தரம் குறைந்ததை வெல்டிங் ராடு செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சாதுவான பொருள்.

ஆனால் அதைச் செய்ய வேண்டிய அமிலம் சாது இல்லை. இந்தச் சாதுவே ஒரு தடவை என்னை ஏமாற்றியது. அந்தக் கதையைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நீங்களும் அதே இடத்தில் போய் நிற்பீர்கள் என்ற பயம் கூச்சத்தைவிடப் பெரிது. அதனால் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூருக்கு வெளியே, வயலுக்கு நடுவில் எங்கள் சின்னத் தொழிற்சாலை. நான் காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண். வேதியியல் படித்துவிட்டு அங்கே ஆய்வகத்தில் சேர்ந்தேன். வேலைக்குப் போகிற முதல் பெண் என்று வீட்டில் பெருமை, எனக்கு அதைவிடப் பெருமை. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு மூட்டைகூட கேட்டைத் தாண்டாது. அந்த வயதில் இப்படி ஒரு அதிகாரம் கையில் கிடைத்தால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் எங்களுக்குப் பிளாஸ்டிக் கேன்களில் வரும். அது கண்ணாடியைத் தின்றுவிடும், அதனால் பிளாஸ்டிக். சுத்தமான சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து அதில் இந்த அமிலத்தைச் சேர்த்தால் நம் வெள்ளைப் பொடி கிடைக்கும். தோலில் இந்த அமிலம் பட்டால் பல நேரம் உடனே எரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகு எலும்புக்குள் வலி தொடங்கும். வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் தடுமாறும். எங்கள் தொட்டியில் என்ன நடக்கிறதோ அதுவே உடம்புக்குள்ளும் நடக்கும், அவ்வளவுதான்.

காலியான கேன்களை மறுபடி பயன்படுத்த மாட்டோம். ஒரு துளி அழுக்கு சேர்ந்தாலும் பொடியின் தூய்மை போய்விடும். அதனால் ஒரு விதி வைத்திருந்தோம். காலிக் கேனில் சுண்ணாம்புப் பாலை ஊற்றி ஒரு நாள் வைக்க வேண்டும். பிறகு கழுவி, லிட்மஸ் தாளால் சோதித்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் இரண்டு ஓட்டை போட்டு, பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவருக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டை போடுவது எதற்கு என்றால், யாரும் அதில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக.

அந்த வேலையைச் செய்தவர் கன்னியம்மா. ஊரோரத்து இருளர் குடியிருப்பிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரைப் பேர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிட்டேன். அப்போது அதுதான் வழக்கம், எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அதிகம் பேச மாட்டார். கம்பியைக் காய்ச்சி ஓட்டை போடும்போது மட்டும் முகத்தைச் சுளித்துக்கொள்வார். அமில வாடைக்காக என்று நினைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார்.

"யம்மா, ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"எங்க அக்கா பொண்ணு வயசுக்கு வந்துட்டா, ஞாயித்துக்கிழம மஞ்சத்தண்ணி. மாகறல்ல. சீரு வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒரு கேனு குடும்மா. ஓட்ட போடாம."

"அதெல்லாம் குடுக்கக் கூடாது."

"எத்தினி கேன ஓட்ட போட்டுகீறேன் இந்தக் கையால. நாங்க ஆத்துல ஊத்து தோண்டி மொண்டுக்கினு, மண்பானைல தூக்கிக்கினு வர்றோம். புதுசா பளபளன்னு கீறத ஓட்ட போடச் சொன்னா வயிறு எரியுதும்மா."

முகம் சுளித்ததற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நல்ல மனசுக்காரி என்று பேர் வாங்கும் ஆசையும் அந்த வெட்கத்தோடு சேர்ந்துகொண்டது, அதை மறைக்க விரும்பவில்லை. நானே ஒரு கேனைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு முறை சுண்ணாம்புப் பால், ஐந்து முறை கழுவல். கடைசித் தண்ணீரை மூன்று தடவை லிட்மஸில் சோதித்தேன். நீலத் தாள் நீலமாகவே இருந்தது. கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கன்னியம்மா அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை, கன்னியம்மா லீவில் இருந்ததால் அவர் வேலையை ஏழுமலை என்ற ஆள் செய்தார். அவருக்கு அடியில் ஓட்டை போட வேண்டும் என்று தெரியாது. பிடிக்க வசதியாக இருக்கிறதே என்று கம்பியைக் கைப்பிடியில் வைத்து அழுத்திவிட்டார். கொஞ்ச நேரத்தில், "மேடம், இது இன்னான்னு வந்து பாருங்க" என்று குரல் வந்தது.

கைப்பிடி ஓட்டையிலிருந்து ஒரு திரவம் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் சிமெண்ட் தரை நுரைத்தது. ஏழுமலை பூட்சும் கையுறையும் போட்டிருந்ததால் தப்பினார்.

அந்த மாதம் அமிலம் அனுப்பியவர்கள் வேறு மாதிரிக் கேன் அனுப்பியிருந்தார்கள். பழைய கேன்களின் கைப்பிடி கெட்டியாக இருக்கும். இதன் கைப்பிடி உள்ளே வெற்றுக்குழாய். ஒரு முனை மூடியிருக்கும், இன்னொரு முனையில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு துவாரம் கேனுக்குள் திறக்கும். நான் அதைக் கவனிக்கவே இல்லை. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். அந்தத் துவாரத்தின் வாயில் வெள்ளையாக, கெட்டியாக ஓர் அடைப்பு. சுண்ணாம்புப் பால் அமிலத்தைத் தொட்ட இடத்திலேயே கால்சியம் ஃபுளோரைடு உறைந்து அடைத்துக்கொண்டது. தண்ணீரில் கரையாது என்று சற்று முன் பெருமையாகச் சொன்னேனே, அந்தக் குணம்தான். அடைப்புக்கு அந்தப் பக்கம் அமிலம் பத்திரமாக இருந்தது. இந்தப் பக்கம் நான் லிட்மஸ் தாளைத் தோய்த்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு கேன்களை அறுத்தேன். ஒன்றில் ஒன்றும் இல்லை. ஒன்றில் கால் டம்ளர் அளவு இருந்தது.

வியாழக்கிழமை கொடுத்த கேன். ஞாயிற்றுக்கிழமை விசேஷம். இன்று திங்கள். ஊரே அதில் தண்ணீர் குடித்திருக்கும். கேன் வெயிலில் நின்றிருக்கும், யாராவது கீழே போட்டிருப்பார்கள், அந்த அடைப்பு ஓர் ஓரத்தில் விட்டால் போதும். குழந்தைகளுக்கு ஒரு வாய் போதும்.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது குடும்பம் இந்தத் தொழிற்சாலையை நம்பி இருக்கிறது என்பது அவர் கவலை.

"போங்க. உடனே போங்க. ஆனா எதையும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. ஸ்டோர்ல அமிலமே ஊத்தாத புதுக் கேன் ஒண்ணு இருக்கு. அதைக் குடுத்துட்டு, இது அதைவிட நல்லதுன்னு சொல்லி பழசை வாங்கிட்டு வாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னா அதோட முடிஞ்சுது. ஆசிட்னு ஒரு வார்த்தை வெளியில வந்தா நாளைக்கு கேட்டுக்குப் பூட்டு, உங்களுக்கும் வேலை இல்லை."

அது சரியான யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. புதுக் கேனைத் தூக்கிக்கொண்டு நானே ஒப்புக்கொண்டு கிளம்பினேன்.

காஞ்சிபுரம் போகும் பஸ் மாகறல் வழியாகத்தான் போகும். அந்த வழியில் நான் தினமும் வீட்டுக்குப் போகிறவள். அன்றைக்கு அந்தப் பஸ் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றது. ஒரு நிறுத்தத்தில் யாரோ ஆட்டுக்குட்டியை ஏற்றலாமா கூடாதா என்று கண்டக்டரோடு வாதாடினார்கள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மடியில் புதுக் கேன். பக்கத்தில் இருந்த அம்மாள் அதைத் தட்டிப் பார்த்து, "எங்க வாங்கின?" என்று கேட்டார். கேனை என் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

மாகறலில், செய்யாற்றங்கரையில் இருந்தது கன்னியம்மாவின் அக்கா குடியிருப்பு. தென்னங்கீற்றுப் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. பந்தல் காலுக்குப் பக்கத்தில், ஒரு பலகை மேல், எங்கள் கேன். மூடி மேல் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. நாலைந்து பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓடுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். போன உயிர் திரும்பி வந்தது.

கன்னியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ தொலவு வந்துகீற? சொல்லிருந்தா நேத்தே வரச் சொல்லிருப்பேனே."

"ஒண்ணுமில்ல. அது பழைய கேனு. இது புதுசு. சீருக்குக் குடுத்தது நல்லதா இருக்கட்டும்னு மாத்திக் குடுக்க வந்தேன்."

"அதுவே நல்லாத்தான கீது. மூணு நாளா அதுலதான் தண்ணி ஊத்தி வச்சிக்கினு கீறோம். நேத்து வந்த அத்தினி பேரும் அதைத்தான் பார்த்தாங்க." புதுக் கேனை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கோசரம் வேலைய வுட்டுட்டு வந்தியா? நல்லா இருப்பம்மா நீ."

நான் பழைய கேனைக் கவிழ்த்துத் தண்ணீரை மண்ணில் கொட்டினேன். கையில் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான், முடிந்தது. பஸ் திரும்பி வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

அப்போது குடிசைக்குள்ளிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது.

"யாரு?" என்று கேட்டேன்.

"செல்விதான். மஞ்சத்தண்ணி ஊத்துன பொண்ணு. காலையிலேர்ந்து வாந்தி, வயித்து வலி. நேத்து கறியும் சோறும் ஒரு புடி புடிச்சா. அதான் ஒத்துக்கல."

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டேன். கறிச்சோறுதான். ஊரே குடித்த தண்ணீர், இவளுக்கு மட்டும் ஏன் வாந்தி வர வேண்டும்? அடைப்பு இன்று காலைதான் விட்டிருந்தால்? காலையில் முதல் டம்ளர் இவள் குடித்திருந்தால்? லிட்மஸ் தாள் பையில் இருந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. அதை நம்பித்தானே இங்கே வந்து நிற்கிறேன். அப்பாவின் தறியும் என் சம்பளமும் தம்பியின் படிப்பும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கேன் கையில் இருந்தது. நடக்க வேண்டியதுதான் பாக்கி.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. மறுபடி அந்தச் சத்தம் வந்தது.

"கன்னியம்மா, இந்தக் கேனு கைப்பிடிக்குள்ள ஆசிட்டு இருக்கலாம். எனக்கு இன்னிக்குக் காலைலதான் தெரியும். பொண்ண உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போவணும். இன்னும் யாரு யாரு இன்னிக்கு இதுல குடிச்சாங்க?"

கன்னியம்மா என் முகத்தையே பார்த்தார். புதுக் கேனைக் கீழே வைத்தார்.

"செல்வி மட்டும்தான். அவ வாந்தி எடுக்கிறான்னு மத்தவங்களுக்கு அடுப்புல தண்ணி காய வச்சி குடுத்தேன்" என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "ஆட்டுப்பால் கறந்து வச்சது எடுத்தா" என்றார். பால் குடிக்கக் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். கொடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றேன். பாலில் இருக்கிற கால்சியம் அமிலத்தைப் பிடிக்கும். யாருக்காவது வயிறு வலித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு, பெண்ணைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் உத்திரமேரூருக்கு ஏறினோம். இரண்டு கேன்களும் கூடவே வந்தன. வழி நெடுக அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். நாடி எங்காவது ஒரு துடிப்புத் தவறுகிறதா என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். நான் சொன்ன பேரை அவர் கேள்விப்பட்டதில்லை.

"எலி மருந்து மாதிரியா?"

"இல்ல சார். ரத்தத்துல கால்சியத்தை இறக்கிடும். கால்சியம் ஊசி இருந்தா நரம்புல மெதுவா போடுங்க. இதயத்துடிப்பைப் பார்த்துக்கிட்டே போடுங்க."

"நீங்க யாரு? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கேன் வெளியில போனது என் கையெழுத்துல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல், தேள்கடிக்கென்று வைத்திருந்த கால்சியம் ஊசியை எடுத்துவரச் சொன்னார். பதிவேட்டில் என் பேரையும் தொழிற்சாலையின் பேரையும் எழுதிக்கொண்டார். எழுதட்டும் என்று இருந்தேன்.

நான் வெளியே வந்தேன். எதிரில் இருந்த சைக்கிள் கடையில் ரம்பம் கடன் வாங்கினேன். பெட்டிக்கடையில் சுண்ணாம்பு வாங்கினேன். ஆஸ்பத்திரி மதில் ஓரமாக, ஆள் நடமாட்டம் இல்லாத மணலில், பையில் கொண்டுவந்திருந்த கையுறையை மாட்டிக்கொண்டு அந்தக் கைப்பிடியை அறுத்தேன். கன்னியம்மா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அமிலம் இருந்தது. கைப்பிடி நிறைய இருந்தது. வெள்ளை அடைப்பு ஒரு கீறல்கூட இல்லாமல் துவாரத்தை மூடியிருந்தது. ஒரு சொட்டும் தண்ணீரில் கலந்திருக்க முடியாது. செல்விக்கு வந்தது கறிச்சோற்று வாந்திதான். சுண்ணாம்பைக் கொட்டி அமிலத்தை மூடிவிட்டு, அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று அப்போது நினைத்தேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து, பெண் நன்றாக இருக்கிறாள், ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். நான் கன்னியம்மாவிடம் புதுக் கேனை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"பொண்ணு வாந்தி எடுக்கலன்னா, மாத்திக் குடுத்துட்டு அப்புடியே போயிருப்பதான?"

நான் புதுக் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். புதுக் கேனைத் தூக்கிக்கொண்டு நான் தொழிற்சாலைக்கு நடந்தேன்.

தொழிற்சாலை மூடப்படவில்லை. விசாரணை வந்தது, எச்சரிக்கை வந்தது. மேனேஜர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காலிக் கேன் வந்தால் முதலில் கைப்பிடியை அறுக்க வேண்டும் என்று விதி எழுதினோம். உங்கள் கையேட்டில் நாலாவது வரியாக இருப்பது அதுதான், இன்றைக்கும். அந்த வரியைப் படிக்கும்போது உங்களில் சிலர் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கெட்டிக் கைப்பிடியை எதற்கு அறுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கெட்டிதானா என்று அறுத்தால்தான் தெரியும்.

கன்னியம்மா வேலைக்கு வந்தார். சொன்னதைச் செய்தார். அவசியத்துக்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கேட்ட கேள்வி என்னோடு சாப்பிட்டது, என்னோடு தூங்கியது. நான்தான் கடைசியில் சொல்லிவிட்டேனே, வேலை போனாலும் பரவாயில்லை என்று ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்தேனே என்று எனக்கு நானே வாதாடுவேன். எந்த வாதமும் அந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் அவர் தனியாக இருந்தார். போய் நின்றேன்.

"அக்கா, அன்னிக்கு நீங்க கேட்டீங்களே. ஆமா. போயிருப்பேன்."

அவர் கையிலிருந்த ரம்பத்தை நிறுத்தவில்லை. கைப்பிடி அறுந்து கீழே விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எனுக்கு அன்னிக்கே தெரியும்மா. உனுக்குத்தான் இத்தினி நாளு ஆச்சு."